1971-இல் இரண்டு வாகையர் ஏன்?

வணக்கம். கனடாவின் இளையோர் பனி ஹாக்கி வாகையர் பட்டியலைத் தொகுக்கையில், 1971-ஆம் ஆண்டுக்கு மட்டும் கியூபெக் ரெம்பார்ட்ஸ், ரெட் டீர் ரஸ்ட்லர்ஸ் என இரண்டு அணிகள் வருவதாகவும், எதை நீக்குவது என்றும் கேட்டிருந்தீர்கள். எதையும் நீக்க வேண்டாம்; அவை வென்றவை வெவ்வேறு கோப்பைகள்.

முதல் உலகப் போரில் உயிர்நீத்த கனடிய வீரர்களின் நினைவாக ஒன்டாரியோ ஹாக்கி சங்கம் 1919-இல் வழங்கிய மெமோரியல் கோப்பையை, அவ்வாண்டில் ரெஜைனா அணியை வென்று டொராண்டோ பல்கலைக்கழகப் பள்ளி அணி முதன்முதலாகப் பெற்றது. (பள்ளி அணியொன்று நாட்டின் வாகையரானது இன்று நம்புதற்கரியது.) 1934-இல் இளையோர் ஆட்டம் 'ஏ', 'பி' என இரு தரநிலைகளாகப் பிரிந்தபோது கோப்பை 'ஏ' பிரிவுக்குரியதாயிற்று. அப்பிரிவும் பின்னர் இரண்டாகப் பிளவுபட, 1971 முதல் மேல்நிலை அணிகள் மட்டுமே மெமோரியல் கோப்பைக்குப் போட்டியிட்டன. அதைத்தான் கீ லாஃப்லர் ஆடிய ரெம்பார்ட்ஸ் வென்றது. எஞ்சிய 'ஏ' அணிகளுக்கெனத் தொடங்கிய சென்டெனியல் கோப்பையை ரஸ்ட்லர்ஸ் பெற்றது.

ஆகவே 1971 முதல் சென்டெனியல் கோப்பைக்கெனப் பட்டியலில் தனி நெடுவரிசையொன்றைச் சேர்த்துவிடுங்கள்.