முந்தியோடு பள்ளிக்கூடம் போகலாமா?

29 ஆண்டுகள் எல்.கே.ஜி. வகுப்பெடுத்து ஓய்வுபெற்ற ஆசிரியை, வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: என் மகளுக்கு 3 வயது 8 மாதம். அவள் பிறந்தபோது என் அம்மாவின் பழைய சுங்குடிச் சேலையில்தான் தொட்டில் கட்டினோம். சேலை நைந்து கிழிந்து, இப்போது முந்தானைப் பக்கம் ஒரு முழத் துண்டு மட்டும் மிச்சம். அதற்கு அவள் வைத்த பேர் 'முந்தி'. ஓரத்தை விரலிடுக்கில் தேய்த்துக்கொண்டு, மூக்கில் வைத்தபடிதான் தூங்குவாள். சாப்பிடும்போது மடியில் கிடக்கும், கடைக்குப் போனால் தோளில். வருகிற ஜூனில் எல்.கே.ஜி. சேர்க்கிறோம். பொம்மை, துணி எதுவும் கொண்டுவரக்கூடாது என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். தூங்கும்போது எடுத்து எறிந்துவிடலாம், நாலு நாள் அழுது ஓய்ந்துவிடுவாள் என்கிறார் கணவர். வேப்பெண்ணெய் தடவச் சொல்கிறார் மாமியார். அதே நிறத்தில் புதுச் சுங்குடித் துண்டு கொடுத்துப் பார்த்தேன், தொடவே இல்லை. என்ன செய்வது?
- ஒரு தாய், திருமங்கலம்

பதில்: எறியவும் வேண்டாம், வேப்பெண்ணெயும் வேண்டாம். வீட்டில் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம், அந்தத் தப்பை நானே ஒருமுறை செய்திருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம். ஒரு பையன் அவனுடைய அப்பாவின் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு வந்தான். பச்சைக் கரை போட்ட ஈரிழைத் துண்டு. "ஸ்கூலுக்கெல்லாம் இது வரக்கூடாது கண்ணு" என்று வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். அவன் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நேராகப் போய் பீரோ முன்னால் நின்றான். நாங்கள் பாட்டுப் பாடினோம், அவன் நின்றான். மற்ற பிள்ளைகள் டிபன் டப்பாவைத் திறந்தார்கள், அப்போதும் நின்றான். 11 மணிக்கு எனக்கே தாங்கவில்லை. பீரோவைத் திறந்து துண்டை எடுத்துக் கொடுத்தேன். மூக்கில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தான். அப்புறம் அவனாகவே அதை நாலாக மடித்து என்னிடம் நீட்டினான். "உள்ள வைங்க. பூட்டாதீங்க" என்றான். போய் உட்கார்ந்து களிமண் உருட்ட ஆரம்பித்துவிட்டான்.

துண்டு கையில் இருக்கவேண்டும் என்றுகூட இல்லை அவனுக்கு. வேண்டுமென்றால் போய் எடுத்துக்கொள்ளலாம் என்று தெரிந்தால் போதும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு அரை நாள் பிடித்தது.

டொனால்ட் வின்னிகாட் என்று இங்கிலாந்தில் ஒருவர் இருந்தார். குழந்தை மருத்துவர், உளப்பகுப்பாய்வாளரும்கூட. இந்தத் துணி விஷயத்தைப் பற்றியே 1951-ல் ஒரு கட்டுரை வாசித்தார், 1953-ல் அது அச்சில் வந்தது. அம்மா வேறு, தான் வேறு என்று குழந்தைக்குப் பிடிபடுகிற காலத்தில், அம்மா பக்கத்தில் இல்லாத நேரத்தைத் தாண்டுவதற்கு அது தானாகத் தேடிக்கொள்கிற சொத்து இது என்றார். நம் ஊரில் இதற்கு இவ்வளவு விளக்கம் தேவையில்லை. "முந்தானையைப் பிடிச்சுக்கிட்டே திரியுது" என்று எத்தனை பிள்ளைகளைச் சொல்கிறோம்! உங்கள் மகள் சாமர்த்தியசாலி. ஆளை விட்டுவிட்டு முந்தானையை மட்டும் கையோடு எடுத்துக்கொண்டாள். பள்ளிக்கூடம் போக அவள் ஏற்கெனவே பாதி தயார் என்றுதான் நான் சொல்வேன்.

புதுத் துண்டை ஏன் தொடவில்லை என்று கேட்கிறீர்கள். புரூஸ் ஹூட், பால் ப்ளூம் என்ற இரண்டு உளவியலாளர்கள் 3 முதல் 6 வயதுப் பிள்ளைகளிடம் ஒரு வேடிக்கை செய்து பார்த்து, அதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். எந்தப் பொருளை வைத்தாலும் அச்சு அசலாக இன்னொன்று செய்து தரும் என்று சொல்லி, ஒரு போலி இயந்திரத்தைக் காட்டினார்கள். சாதாரணப் பொம்மை என்றால் பிள்ளைகள் நகலையும் ஆசையாக வாங்கிக்கொண்டார்கள். ஆனால் தூங்கும்போது கூடவே வைத்துக்கொள்கிற பொருள் என்றால் பழையதுதான் வேண்டும் என்றார்கள். சில பிள்ளைகள் அதை இயந்திரத்துக்குள் வைக்கவே சம்மதிக்கவில்லை. உங்கள் வீட்டிலும் அதே கதைதான். புதுச் சுங்குடியில் புள்ளி இருக்கும், நிறம் இருக்கும். பாட்டி வாசனையும் தொட்டில் வாசனையும் எங்கிருந்து வரும்?

வாசனை என்றதும் துவைக்கிற பேச்சும் வந்துவிடுகிறது. அதைத் துவைத்தால் குழந்தைக்கு ஏதோ அறுந்துபோகிறது என்று தெரிந்தே தாய்மார்கள் அழுக்காக விட்டுவைக்கிறார்கள் என்று வின்னிகாட்டே எழுதியிருக்கிறார். அதற்காக மாதக்கணக்கில் விடவும் முடியாது, ரசமும் மூக்குச்சளியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். சனிக்கிழமை காலையில் அவளையே ஒரு சின்ன வாளியில் அலசச் சொல்லுங்கள். வாசனை சோப்பு வேண்டாம். கொடியில் காயும்வரை அவள் அடியில் உட்கார்ந்து காவல் காப்பாள், காக்கட்டும். ஓரத்தில் நூல் பிரிந்து தொங்கினால் அவ்வப்போது கத்தரித்துவிடுங்கள். தூக்கத்தில் விரலில் சுற்றி இறுகிக்கொண்டால் விரல் வீங்கிவிடும். கழுத்தில் சுற்றிக்கொள்ளவும் விடாதீர்கள்.

சரி, ஜூனுக்கு வருவோம். உள்ளங்கை அளவு ஒரு துண்டை முந்தியிலிருந்து வெட்டிக்கொள்ளுங்கள். அவள் தூங்கும்போது கள்ளத்தனமாக அல்ல, அவளிடம் கேட்டுவிட்டு. "பெரிய முந்தி வீட்டுல இருக்கட்டும், குட்டி முந்தி உன்கூட வரட்டும்" என்று சொன்னால் எந்த ஓரத்தில் வெட்டவேண்டும் என்று அவளே காட்டுவாள். ஓரம் மடித்துத் தையுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு அம்மா யூனிஃபார்ம் பாக்கெட்டுக்கு உள்பக்கம் வைத்துத் தைத்துவிட்டார். அந்தப் பெண் ஒரு வருடம் முழுக்கப் பாக்கெட்டில் கையை விட்டபடியேதான் 'அ' 'ஆ' சொன்னாள். வகுப்பில் யாருக்கும் தெரியாது.

பள்ளியின் விதியைப் பற்றி ஆபீஸில் வாதாடாதீர்கள், அங்கே விதியைத்தான் திருப்பிச் சொல்வார்கள். வகுப்பு ஆசிரியையை முதல் நாளே தனியாகப் பார்த்து விஷயத்தைச் சொல்லுங்கள். உள்ளங்கை அகலத் துணிக்காகப் பிள்ளையோடு மல்லுக்கு நின்ற ஆசிரியையை (அந்த ஒரு நாள் என்னைத் தவிர) நான் பார்த்ததில்லை.

வாசலில் விடும்போது "கடைக்குப் போயிட்டு இதோ வந்துடுறேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். பிள்ளை அதை நம்பி வாசலையே பார்த்துக்கொண்டு இருக்கும். மணி பார்க்கத் தெரியாத வயது, அதனால் "சாப்பிட்டு முடிச்சு பெல் அடிச்சதும் அம்மா வருவேன்" என்று சொல்லுங்கள், சொன்னபடி போய் நில்லுங்கள். போகும்போது பெரிய முந்தியையும் கையில் கொண்டுபோங்கள்.

எப்போது கவலைப்பட வேண்டும்? விளையாடக் கூப்பிட்டாலும் போகாமல், பேச்சும் குறைந்து, பள்ளி தொடங்கி ஒன்றிரண்டு மாதம் ஆகியும் நாள் முழுக்கத் துணியோடு ஒதுங்கியே இருந்தால் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் தாமாகவே விட்டுவிடுவார்கள். அதை மறப்பதுமில்லை, அதற்காக ஏங்குவதுமில்லை, அது பாட்டுக்கு ஒரு மூலைக்குப் போய்விடும். ஆயுத பூஜை விடுமுறையின்போது முந்தி எங்கே கிடக்கிறது என்று எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.

கேள்வி: என் 7 மாத மகன் ராத்திரி எழுந்து அழுகிறான். அவனுக்கும் இப்படி ஒரு துணியைப் பழக்கலாமா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: இப்போது வேண்டாம். ஒரு வயது ஆகும்வரை தூங்கும் இடத்தில் தளர்வான துணி, தலையணை, மெத்தென்ற பொம்மை எதுவும் இருக்கக்கூடாது என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம். முகத்தில் மூடிக்கொண்டால் கைக்குழந்தைக்கு விலக்கத் தெரியாது. அதற்கு அப்புறமும் நீங்கள் பழக்கி வருகிற விஷயமில்லை இது. நீங்கள் காசு போட்டு வாங்கிய கரடிப் பொம்மையை ஓரமாகத் தள்ளிவிட்டு உங்கள் பழைய பனியனைப் பிடித்துக்கொள்வான். பொறுத்திருந்து பாருங்கள்.

கேள்வி: எனக்கு 24 வயது. சின்ன வயதிலிருந்து இருக்கும் தலையணை உறை இல்லாமல் தூக்கம் வராது. விடுதிக்கும் கொண்டுவந்திருக்கிறேன். அறைத்தோழர் சிரிக்கிறார். இது எந்த வயதோடு நிற்கவேண்டும்?
- பெயர் வேண்டாம், கோவை

பதில்: வேலைக்கு ஒழுங்காகப் போகிறீர்கள், நாலு பேரோடு பழகுகிறீர்கள் என்றால் நிம்மதியாகத் தூங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் உறையைத் துவைத்துப் போடுங்கள். சிரிக்கிற நண்பர் தலைமாட்டில் எதை வைத்துக்கொண்டு தூங்குகிறார் என்று ஒரு ராத்திரி எட்டிப் பாருங்கள். செல்போனாகத்தான் இருக்கும். அதைப் பத்து நிமிடம் ஒளித்து வைத்துப் பாருங்களேன்.