செட்டிநாட்டுப் பக்தி என்றாலே கோயில் திருப்பணி மட்டும்தானா? நூலை ஓதிச் சமயத்தைப் புதுப்பித்தவர்கள் அங்கே உண்டா?

கேள்விக்குக் கீழே ஒரு வரியும் சேர்த்திருக்கிறீர்கள்: "கல்லுக்கும் தேக்குக்கும் கொட்டிக் கொடுத்த சீமை, புத்தகத்துக்கு என்ன செய்தது?" குத்தலான கேள்விதான். ஆனால் நியாயமானது. காரைக்குடிப் பக்கத்துக்காரன் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் திருப்பணியைக் குறைத்துப் பேச வேண்டாம். சோழநாட்டிலும் பாண்டிநாட்டிலும் இடிந்து கிடந்த எத்தனையோ பாடல் பெற்ற தலங்களை நிமிர்த்தியது நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார், பணம். தேவாரப் பாடசாலை, ஓதுவாருக்கு மானியம் என்றும் அந்தப் பணம் போனது. ஆனால் திருப்பணி என்ற பெயரில் சில கோயில்களில் பழைய கல்லைப் பெயர்த்தபோது கல்வெட்டும் சேர்ந்து போனது. கோயில் புதிதாகிவிட்டது என்பதற்காகச் சமயமும் புதிதாகிவிடாது. அதற்கு வேறு ஆட்கள் வேண்டியிருந்தார்கள்.

அவர்களில் முன்னால் வருபவர் கோவிலூர் ஆண்டவர். காரைக்குடியை அடுத்த கோவிலூரில் கொற்றவாளீசுவரர் கோயிலை ஒட்டி ஒரு வேதாந்த மடம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஆண்டவர் என்று அழைக்கப்படும் இந்த முத்திராமலிங்க ஞான தேசிகர் தொடங்கியது. அவர் செய்த பெரிய காரியம், வேதாந்தத்தைத் தமிழிலேயே முறை வைத்துப் பாடம் சொன்னது. நானாசீவவாதக் கட்டளை போன்ற சிறு நூலில் ஆரம்பித்து, கைவல்ய நவநீதம், வேதாந்த சூடாமணி, ஞானவாசிட்டம் என்று படிப்படியாக மேலே ஏற்றும் பாடத்திட்டம். வடமொழி தெரியாதவனும் உட்கார்ந்து கேட்கலாம். சைவ சித்தாந்திகள் இந்த வேதாந்தத்தைக் கண்டு முகம் சுளிப்பார்கள். அது தனிச் சண்டை, இங்கே வேண்டாம். ஒரு மடத்தின் மதிப்பு அங்கே நடக்கும் பாடத்தில் இருக்கிறது என்று காட்டிய இடம் அது என்பதுதான் எனக்கு முக்கியம்.

ஆனால் உங்கள் கேள்விக்கு நேர் பதில் குன்றக்குடி அடிகளார்.

மாயவரம் பக்கத்தில் 1925-இல் பிறந்த அரங்கநாதன் என்ற பையன், சிறுவயதில் இரா. பி. சேதுப்பிள்ளையிடம் தினம் ஒரு குறள் ஒப்பித்துக் காலணா வாங்கிய கதை எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். பிறகு தருமபுரம் ஆதீனத்தில் தம்பிரானாக, அதாவது மடத்துத் துறவியாக இருந்து, 1952-இல் குன்றக்குடி திருவண்ணாமலை ஆதீனத்தின் 45-ஆவது குருமகாசந்நிதானம், அதாவது மடாதிபதி ஆனார். அப்போது வயது முப்பதுகூட ஆகவில்லை. அந்தக் காலத்து ஆதீனம் என்றால் என்ன? பல்லக்கு, அதில் ஏறி ஊர்வலம் வரும் பட்டினப் பிரவேசம், நிலம், குத்தகைப் பாக்கி வழக்கு. சாமியாரைத் தூர நின்று கும்பிட்டு விட்டு வருவார்கள். இன்னொரு பக்கம் பெரியாரின் பிரசாரம் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது. மடங்களால் அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. பல மடங்கள் பதில் சொல்ல முயலவே இல்லை.

பதவிக்கு வந்த அதே ஆண்டில் அருள்நெறித் திருக்கூட்டம் என்று ஒன்றைத் தொடங்கி ஊர் ஊராகக் கிளம்பினார். கையில் ஆயுதம் என்று பார்த்தால் திருமுறையும் திருக்குறளும்தான். அவர் புதிதாக எந்தக் கொள்கையையும் கண்டுபிடிக்கவில்லை. எல்லோரும் தினம் பாடுகிற பாட்டை எடுத்து, "இதில் எழுதியிருப்பதை நாம் செய்கிறோமா?" என்ற கேள்வியை முன்னால் வைத்தார்.

ஓர் உதாரணம் சொன்னால் விளங்கும். ஐந்தாம் திருமுறையில் அப்பர், "சாத்திரம் பல பேசும் சழக்கர்காள், கோத்திரமும் குலமும் கொண்டு என் செய்வீர்" என்கிறார். ஆயிரத்து முந்நூறு வருடமாகப் பாடுகிறோம். நகரத்தாருக்கு ஒன்பது குலக்கோயில், கோயிலுக்குள் பிரிவு, அதற்குள் புள்ளி என்ற குடும்பக் கணக்கு என்று வாழும் சீமையிலும் பாடுகிறோம். பூசையறையில் அப்பர், வாசலில் சாதி. நகரத்தாரை மட்டும் சொல்லவில்லை, எங்கள் தெருவும் அப்படித்தான். சந்நிதானமே மேடையேறித் தீண்டாமையைச் சாடினால், "அது நாத்திகர் பேச்சு" என்று தள்ள முடியாது. ஏனென்றால் அவர் கையில் இருப்பது உங்கள் வீட்டுத் தேவாரம்.

அதே போலத் திருமந்திரம். படமாடக் கோயிலில் இருக்கும் பகவனுக்குக் கொடுத்தால் அது நடமாடும் கோயிலாகிய மனிதருக்குப் போய்ச் சேராது, மனிதருக்குக் கொடுத்தால் அது பகவனுக்குச் சேரும் என்கிறார் திருமூலர். பலர் இதை அன்னதானப் பந்தலில் பேனராகக் கட்டுவதோடு சரி. அடிகளாரிடம் அந்தப் பாட்டு கிராமத் திட்டமாக மாறியது. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறதே, அதன் விஞ்ஞானிகளைக் குன்றக்குடிக்கு வரவழைத்து, ஊரில் யாருக்கு என்ன வேலை, என்ன வருமானம் என்று பார்த்து, கூட்டுறவு முறையில் சிறுதொழில்களைக் கொண்டுவந்தார். காவி கட்டியவர் தொழிற்கூடத்துக்குள் நின்று உற்பத்திக் கணக்குக் கேட்டதைப் பார்த்த பெரியவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள்.

எல்லோரும் கைதட்டினார்கள் என்று நினைக்காதீர்கள். மடாதிபதிக்கு அரசியல் மேடையில் என்ன வேலை என்றார்கள். இந்தி எதிர்ப்பில் இறங்கினார், மேலவை உறுப்பினராக இருந்தார், பெரியாரோடு நட்பாகப் பழகினார், சோவியத் நாட்டுக்கும் போய் வந்தார். பழைய சைவர்களுக்கு இதில் ஒவ்வொன்றும் உறுத்தியது. எனக்கும் அவருடைய அரசியல் எல்லாம் உடன்பாடு இல்லை. ஆனால் 1982-இல் கன்னியாகுமரி மாவட்டத்து மண்டைக்காட்டில் இந்து-கிறித்தவக் கலவரம் நடந்தபோது அங்கே போய் இரு பக்கத்தாரிடமும் பேசியதை யாரும் குறை சொல்ல முடியாது. சாத்திர பக்தி முற்றினால் வெறியில்தான் முடியும் என்பவர்களுக்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் அதுதான்.

1995-இல் அவர் மறைந்தார். அதற்குப் பிறகு என்ன என்று கேட்பீர்கள். மடம் நடக்கிறது, தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடி குன்றக்குடியில் கூடித்தான் பழனிக்குக் கிளம்புகிறது. அதெல்லாம் ஒரு பக்கம். நான் பார்க்கிற உயிர்த்துடிப்பு இப்போது, திருவாசகத்தை முழுவதும் கூடி ஓதும் முற்றோதல் குழுக்களில் இருக்கிறது. இதற்குத் தலைமை எந்தச் சந்நிதானமும் இல்லை. பெரும்பாலும் ஆச்சிகள், அதாவது நகரத்தார் வீட்டுப் பெண்கள்தான்.

எங்கள் குழு ஒரு பழைய வீட்டு வளவில் கூடும். ஜமுக்காளம் விரித்து, காலண்டர் தாளில் அட்டை போட்ட புத்தகங்களோடு உட்காருவோம். சிவபுராணத்தில் தொடங்கி ஐம்பத்தொரு பதிகமும் முடிய வேண்டும், ஒரு பகல் முழுக்கப் போகும். திருச்சதகம் நூறு பாட்டு. அங்கே வரும்போது பாதிப் பேருக்குத் தொண்டை கட்டி, வேகம் மட்டும் கூடிவிடும். ஒருமுறை "யானே பொய், என் நெஞ்சும் பொய், என் அன்பும் பொய்" என்ற பாட்டில் எங்கள் குழு ஆச்சி ஒருவர் மைக்கைக் கையால் பொத்திவிட்டார்.

"இதைப் படிச்சிட்டு எப்படித் தம்பி மூச்சு விடாம அடுத்த பாட்டுக்குப் போறீக?"

"பொழுது சாயறதுக்குள்ள முடிக்கணும்ல ஆச்சி?"

"முடியாட்டி என்ன? மிச்சத்தை அடுத்த ஞாயித்துக்கெழமை படிப்போம்."

சலசலப்பு வந்தது. ஒரே அமர்வில் முடித்தால்தானே முற்றோதல்? ஆச்சி சிவபுராணத்தின் கடைசிப் பகுதியைக் காட்டினார். "சொல்லிய பாட்டின் பொருள் உணர்ந்து சொல்லுவார்"தான் சிவபுரம் போவார் என்று மணிவாசகரே எழுதி வைத்திருக்கிறார், வேகமாகப் படித்தவர் போவார் என்று எழுதவில்லை என்றார். அன்றைக்கு அந்த ஒரு பாட்டில் அரைமணி நேரம் நின்றோம். வட்டிக்கடைக்காரர் ஒருவர் தன் பொய்களைப் பற்றிப் பேச ஆரம்பித்து, நிறுத்த முடியாமல் போனார்.

ஆண்டவர் செய்ததும் அடிகளார் செய்ததும் இந்த ஆச்சி செய்ததும் எனக்கு ஒரே வேலையாகத்தான் தெரிகிறது. நூலைக் கும்பிடுவதற்காக மட்டும் மேலே வைக்காமல், நம்மைக் கேள்வி கேட்கும் இடத்தில் வைத்தார்கள். அதைச் செய்யத் தைரியம் உள்ளவரைத்தான் நான் சமயத் தலைவர் என்பேன், பீடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு எங்கள் குழு இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்பவர்கள் வேறு வீட்டில் கூடுகிறார்கள், அங்கே கூட்டமும் அதிகம். மெதுவாகப் படிப்பவர்கள் நாங்கள் பதினைந்து, இருபது பேர். இந்தப் பக்கம் வந்தால் எதில் வேண்டுமானாலும் உட்காருங்கள், யாரும் சாதியோ கோயிலோ கேட்க மாட்டார்கள். புத்தகம் மட்டும் பெரிய எழுத்துப் பதிப்பாகக் கொண்டு வாருங்கள். பழைய வீட்டு வளவில் சாயங்காலம் வெளிச்சம் போதாது.