பசளை மானியம்: பட்டியலைக் கேட்கலாமா?

கேள்வி: எங்கள் வட்டையில் (வயல் வெளியில்) வயலே செய்யாத சிலரின் கணக்கில் பசளை மானியம் விழுந்ததாகப் பேச்சு. கமநல சேவை நிலையத்தில் பெயர்ப் பட்டியலைக் கேட்டால், அது தனிப்பட்ட தகவல் என்கிறார்கள். எங்களுக்குக் கேட்க உரிமை உண்டா?
– வாசகர், சம்மாந்துறை

பதில்: உண்டு. இலங்கையின் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, பொது நடவடிக்கையோடும் பொது நலனோடும் தொடர்பில்லாத தனிப்பட்ட தகவலை மறுக்க இடம் தருகிறது. திறைசேரிப் பணம் யாருக்கு, எத்தனை ஏக்கருக்குப் போனது என்பது அப்படிப்பட்ட தகவல் அல்ல என்பதே எங்கள் உறுதியான கருத்து.

"முழுப் பட்டியலும் தேவை" என்று ஒற்றை வரியில் எழுதாதீர்கள், மறுப்பது சுலபமாகிவிடும். வட்டையின் பெயர், எந்தப் போகம், பெற்றவர் பெயர், காணி இலக்கம், ஏக்கர், தவணை, தொகை என்று பிரித்துக் கேளுங்கள். "அடையாள அட்டை இலக்கமும் வங்கிக் கணக்கு இலக்கமும் வேண்டாம், மறைத்துத் தரவும்" என்று நீங்களே எழுதிவிடுங்கள். அதன்பின் தனிப்பட்ட தகவல் என்ற காரணத்துக்குப் பெரிதாக வலு இராது. ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. தமிழிலேயே எழுதி, மாவட்ட கமநல அபிவிருத்தி அலுவலகத்தின் தகவல் உத்தியோகத்தரிடம் கொடுத்து, பற்றுச்சீட்டை வாங்காமல் வராதீர்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ, 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு (மேன்முறையீட்டை விசாரிக்க அந்த நிறுவனம் நியமித்தவர்) மேன்முறையீடு; அதிலும் சரிவராவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் தகவலறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு.

பட்டியல் கைக்கு வந்ததும் பெயர்களைப் பார்த்துக் கொதிக்க வேண்டாம். முதலில் ஏக்கரைக் கூட்டுங்கள். 2024/25 பெரும்போகத்தில் ஹெக்டேயருக்கு 25,000 ரூபா, உச்சம் 2 ஹெக்டேயர். ஒரு ஹெக்டேயர் 2.47 ஏக்கர். ஆக ஏக்கருக்குச் சுமார் 10,120 ரூபா, ஒருவருக்கு ஆகக் கூடியது 50,000. அதற்கு மேல் ஒரே பெயரில் இருந்தால் விளக்கம் கேளுங்கள். மொத்த ஏக்கரை வட்டை விதானையாரின் (வட்டையின் நீரையும் செய்கையையும் கவனிப்பவர்) கொப்பியோடும் ஏக்கர் வரிப் பதிவோடும் ஒப்பிடுங்கள். சிறுபோகமென்றால், சேனாநாயக்க சமுத்திரத்து நீரை நம்பிய வட்டைகளுக்கு போகத்தின் ஆரம்பக் கூட்டத்தில் தீர்மானித்த ஏக்கரையும் பாருங்கள். கூடுதலாக வந்தால், ஒரே காணி இரண்டு தரம் ஏறியிருக்கிறதா என்று காணி இலக்கத்தைத் தேடுங்கள்: சொந்தக்காரர் பெயரில் ஒன்று, செய்பவர் பெயரில் இன்னொன்று. ஆனால் கூலிக்கு ஆள் வைத்துத் தன் வயலைச் செய்விக்கும் விதவைப் பெண்ணையும் "வயல் செய்யாதவர்" என்று சேர்த்துவிடாதீர்கள். அவர் செய்கைக்காரர்தான்.

கேள்வி: வேறு நாடுகளில் இப்படிப் பெயரை வெளியிடுகிறார்களா?
– வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: வெளியிடுகிறார்கள். இந்தியாவில் விவசாயிகளுக்குப் பண உதவி தரும் பிஎம்-கிசான் திட்டத்தின் பயனாளிகளைக் கிராமம் கிராமமாக இணையத்தில் பார்க்கலாம். ஐரோப்பாவில் தனிமனிதர் பெயர்களை வகைதொகையின்றி வெளியிடுவது தவறென்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது. பிறகு சிறு தொகை பெறுவோரின் பெயரை மறைத்து, மற்றவர்களை வெளியிடும் முறை வந்தது. இங்கே அதுகூட வேண்டாம், வட்டைவாரியாக நிலையத்து அறிவித்தல் பலகையில் ஒட்டினாலே பாதிச் சண்டை தீரும்.

கேள்வி: நான் குத்தகைக்கு வயல் செய்கிறேன். மானியம் போடியாருக்கு (காணிச் சொந்தக்காரருக்கு) போகிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், கிரான்

பதில்: வாய்ப்பேச்சுக் குத்தகைதான் இதற்குக் காரணம். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி வைக்கும் காணிப் பதிவேட்டில் உங்கள் பெயர் இல்லாதவரை, நிலையத்துக்குத் தெரிந்தவர் போடியார் மட்டுமே. பதிந்தால் காணி கைவிட்டுப் போய்விடுமோ என்று சொந்தக்காரர்கள் கையொப்பமிடப் பயப்படுகிறார்கள். "இன்ன போகத்துக்கு மட்டும்" என்று தேதி போட்டு எழுதிக் கேட்டால் சிலர் இணங்குவார்கள். விதைப்புக்கு முன்பே அந்தக் கடிதத்தையும் குத்தகைப் பணம் கொடுத்த துண்டையும் கமக்காரர் அமைப்பின் உறுதிப்படுத்தலோடு உங்கள் பிரிவின் விவசாய ஆராய்ச்சி உற்பத்தி உதவியாளரிடம் கொடுங்கள். வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கப் பிரதியையும் இணையுங்கள். பெயர் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்கட்டும். ஓர் எழுத்து மாறினாலும் பணம் திரும்பிப் போகலாம்.