எங்கள் ஊர் வாசகசாலை எந்த வருடம் தொடங்கியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பழைய வாசகசாலை இப்போது அரசுக் கிளை நூலகம், சுவரில் ஒரு கல் இருக்கிறது, தொடக்க வருடம் மட்டும் தெரியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். கல்லிலிருந்தே ஆரம்பியுங்கள். ஆனால் கல் சொல்வது பெரும்பாலும் கட்டடம் திறந்த தேதியை. வாசகசாலை அதற்கு முன்பே யாராவது வீட்டுத் திண்ணையில் நடந்திருக்கலாம். பல ஊர் வரலாறுகள் தவறிப்போகும் இடம் இதுதான்.

கல்லில் எண்ணெயோ சுண்ணாம்போ பூசாதீர்கள். இருட்டிய பிறகு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்தால் மழுங்கிய எழுத்தும் தெரியும். எழுத்தின் மேல் பெயின்ட் அடித்திருந்தால் அதை நம்ப வேண்டாம்; 3 எளிதில் 8 ஆகிவிடும். வெட்டின பள்ளத்தை விரலால் தடவிப் பாருங்கள். தமிழ் எண்ணில் ௲௯௱௨௰௩ என்றிருந்தால் 1923. ௵ வருடம், ௴ மாதம், ௳ தேதி. 60 வருடத்துக்கு ஒருமுறை திரும்ப வரும் தமிழ் வருடப் பெயர் மட்டும், உதாரணமாக ‘துந்துபி’ என்று இருந்தால் 1922-23 ஆகவும் இருக்கலாம், 1982-83 ஆகவும் இருக்கலாம். கூடவே பசலி (வருவாய்த் துறை வருடக் கணக்கு) 1332 அல்லது கொல்லம் ஆண்டு (மலையாள வருடக் கணக்கு) 1098 இருந்தால் முதலாவதுதான். பசலியோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஜூலை எந்த வருடத்தது என்று வந்துவிடும்.

அடுத்து நிலம். இப்போதைய சர்வே எண்ணை வைத்துப் பழைய பத்திரத்தைத் தேடினால் ஒன்றும் கிடைக்காமல் போகலாம். நகர அளவை நடந்த ஊர் என்றால் வார்டு, பிளாக், எண் எல்லாம் மாறியிருக்கும். தாலுகா அலுவலகத்தில் பழைய எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போங்கள். ரொம்பப் பழைய வில்லங்கம் ஆன்லைனில் வராது, மனுப் போட்டுக் கையால்தான் தேட வேண்டும். இடம் கொடுத்த பத்திரம் அங்குள்ள 1-ஆம் புத்தகத்தில், அதாவது நிலம், கட்டடப் பத்திரங்களுக்கான பதிவேட்டில் இருக்கும். கட்டணம் கட்டினால் யாருக்கும் நகல் உண்டு. நிலம் சம்பந்தப்படாத பத்திரம் என்றால் 4-ஆம் புத்தகம். அதன் நகல் பத்திரத்தில் சம்பந்தப்பட்டவர்களுக்கும் அவர்களுடைய பிரதிநிதிகளுக்கும்தான் கிடைக்கும், ஆகையால் நன்கொடை கொடுத்தவர் குடும்பத்தாரைக் கூட்டிக்கொண்டு போவது நல்லது.

சங்கமாகப் பதிவு செய்திருந்தால் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கோப்பு இருக்கும். தமிழ்நாட்டுக்கென்று தனியாக 1975-ஆம் வருடச் சங்கப் பதிவுச் சட்டம் நடைமுறைக்கு வருவதற்கு முன்பு 1860-ஆம் வருட மத்தியச் சட்டப்படிதான் பதிவு. பதிவு எண்ணோடு வரும் வருடம் பதிவு செய்த வருடம் மட்டுமே. ஆனால் அந்த விண்ணப்பம் ஒரு புதையல்: குறைந்தது 7 பேர் பெயர், முகவரி, தொழிலோடு கையெழுத்துப் போட்டிருப்பார்கள். அந்தக் குடும்பங்களில் பழைய மினிட் புத்தகம் (கூட்ட நடவடிக்கைக் குறிப்பு), சந்தா ரசீது, ஆண்டு விழா நோட்டீஸ் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

நூலகத்தில் கேட்டால் கிளை தொடங்கிய வருடத்தைச் சொல்வார்கள். 1948 சென்னைப் பொது நூலகச் சட்டத்துக்குப் பிறகு மாவட்ட நூலக ஆணைக்குழு ஏற்றுக்கொண்ட வருடமாக அது இருக்கலாம், தொடக்கம் என்று எழுதிவிடாதீர்கள். அலமாரியின் பின் வரிசையில் உள்ள பழைய புத்தகங்களை எடுத்து முதல் பக்கத்தையும் நடுப் பக்கங்களையும் புரட்டுங்கள். வாசகசாலையின் ரப்பர் ஸ்டாம்பும் மையில் எழுதின வரவு எண்ணும் (புத்தகம் வந்த வரிசைப்படி போடும் எண்) தேதியும் இருக்கும். இருப்பதிலேயே சின்ன வரவு எண்ணைத் தேடிப் பிடியுங்கள். அந்தத் தேதியில் வாசகசாலை நடந்துகொண்டிருந்தது நிச்சயம். இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள், ஏனென்றால் நைந்த புத்தகங்களைக் கழித்து எடைக்குப் போட்டுவிட்டால் இந்தச் சான்று திரும்பக் கிடைக்காது.