வாசகர் கேள்வி - பதில்: கையடக்க வரலாற்று அட்லஸ்

கேள்வி: ஓய்வு பெற்ற பிறகு சோழர் வரலாற்றைத் தொடர்ந்து படித்து வருகிறேன். படிக்கும்போது எல்லாம் புரிந்தாற்போல் இருக்கிறது. நூலை மூடியதும் எந்த ஊர் எங்கே, எந்தப் போர் எந்தத் திசையில் என்பது மனத்தில் நிற்பதில்லை. வரலாற்று அட்லஸ் ஒன்று வாங்க நினைத்தால், எல்லா வரைபடமும் கைப்பேசியிலேயே இருக்கிறது, காசு வீண் என்கிறான் மகன். தங்கள் கருத்து என்ன?
- வாசகர், மந்தைவெளி

பதில்: வாங்குங்கள். மேசை முழுவதும் விரித்துப் பார்க்க வேண்டிய பெரிய அட்லஸாக இல்லாமல், படிக்கும் நூலோடு மடியில் வைத்துக்கொள்ளக்கூடிய சிறிய அட்லஸாகப் பார்த்து வாங்குங்கள். பெரிய அட்லஸில் விவரம் மிகுதிதான். ஆனால் அதை எடுக்க எழுந்து அலமாரிவரை போக வேண்டும் என்பதாலேயே, படிக்கும்போது எழுகிற ‘இந்த ஊர் எங்கே இருக்கிறது’ என்ற கேள்வியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவிடுகிறோம். அந்த அப்புறம் வருவதே இல்லை. என்னிடமுள்ள சிறிய அட்லஸ் திருவல்லிக்கேணி பாரதி சாலையில் ஒரு பழைய புத்தகக் கடையில் வாங்கியது. அதன் முதுகுத் தையல் விட்டுப்போய் இரண்டு முறை பைண்டிங் செய்தாயிற்று. தென்கிழக்கு ஆசியப் பக்கத்தின் ஓரம் விரல் பட்டுப் பட்டுப் பழுத்துக் கிடக்கிறது. அலமாரியிலுள்ள பெரிய நூல்கள் எவற்றுக்கும் இந்த நிலை வரவில்லை.

கைப்பேசி காட்டுவது இன்றைய நிலத்தை. கொற்கையை அதில் தேடினால் கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே ஒரு சிற்றூரைக் காட்டும். முத்துக்குப் பேர்போன பாண்டியர் துறைமுகம் வயல்களுக்கு நடுவே எப்படி இருந்திருக்கும் என்று திகைப்போம். தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டலால் கரை விலகிப் போனதையும், அன்று அந்த ஊர் கடலோரத்தில் இருந்ததையும் சொல்வது சங்க காலத்துக்கென்று தனியாக வரையப்பட்ட வரைபடம்தான்.

தாங்கள் சோழர் வரலாறு படிப்பவர் என்பதால் இன்னொன்றையும் சொல்கிறேன். இராசேந்திர சோழரின் கடற்படை ஏறத்தாழ 1025-இல் சென்று வந்த ஊர்களைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டிலுள்ள மெய்க்கீர்த்தி, அதாவது மன்னரின் வெற்றிகளைப் புகழும் பகுதி, வரிசையாகச் சொல்கிறது: ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், மாயிருடிங்கம், இலங்காசோகம், தலைத்தக்கோலம், இலாமுரிதேசம், மாநக்கவாரம், கடாரம் என்று அது நீள்கிறது. ஏட்டில் படிக்கையில் இது வெறும் பெயர்ப்பட்டியல். வாய்விட்டுப் படித்தால் ஓசை இனிக்கும், அவ்வளவுதான். அட்லஸில் அந்தப் பக்கத்தைத் திறந்து, அடையாளம் காணப்பட்ட இடங்களில் மட்டும் பென்சிலால் புள்ளி வைத்துப் பாருங்கள். மாநக்கவாரம் என்னும் நிக்கோபார் வாயிலில் நிற்கும். இலாமுரி சுமத்திராவின் வட முனையில் நிற்கும். கடாரம் மலேயாவின் மேற்குக் கரையில் எதிரே நிற்கும். பண்ணை சுமத்திராவின் கிழக்குக் கரைப்பக்கம் வரும். ஏழெட்டுப் புள்ளி வைத்ததும் மலாக்கா நீரிணையின் இரு கரையும் கண்முன் எழுந்துவிடும். சீனத்துக்குப் போகும் கப்பல்களுக்கு அந்த நீரிணைதான் முதன்மையான வழி. நாடு பிடிக்கப் போன படை என்று அதுவரை எண்ணியிருந்தவர், வணிக வழியின் கழுத்தைப் பிடிக்கப் போன படையாக இருக்குமோ என்று அந்த இடத்தில் தாமாகவே கேட்கத் தொடங்குவார். அந்தக் கேள்வியை என்னுள் எழுப்பியது எந்த நூலின் வாசகமும் அன்று, பென்சில் புள்ளிகள்தாம்.

அதே பட்டியலில் வரும் தலைத்தக்கோலத்தையும், 949-இல் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனோடு பொருது சோழ இளவரசர் இராசாதித்தர் யானைமேல் இருந்தபடியே உயிர்விட்ட தக்கோலத்தையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். முதலாவது கடலுக்கு அப்பால், மலேயத் தீபகற்பத்தின் மேற்குக் கரையில். இரண்டாவது நம் அரக்கோணத்துக்கு அருகில். இரண்டையும் வரைபடத்தில் ஒரு முறை தொட்டுவிட்டால் ஆயுளுக்கும் மயக்கம் வராது.

கேள்வி: போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். இந்திய வரலாறு தனி, உலக வரலாறு தனி என்று இரண்டு நோட்டுப் போட்டுப் படிப்பதால், ஒரே காலத்தில் எங்கே என்ன நடந்தது என்பது பிடிபடவில்லை. அட்லஸ் உதவுமா?
- வாசகி, அம்பத்தூர்

பதில்: பெரிதும் உதவும். மேலே சொன்ன அதே 1025-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்துக்குரிய ஒரே பக்கத்தில், தெற்கே சோழர் கப்பல்கள் கடாரம் நோக்கிப் போகின்றன. 1025-26-இல் கஜினி மாமூது சோமநாதபுரத்தின்மேல் படையெடுக்கிறார். பைசாந்தியப் பேரரசை விரிவுபடுத்திய இரண்டாம் பாசில் அந்த ஆண்டு டிசம்பரில் கான்ஸ்டான்டினோபிளில் இறக்கிறார். சீனத்தில் கைஃபெங் நகரிலிருந்து ஆளும் சோங் அரசுக்குச் சோழர் அனுப்பிய தூதுக்குழு ஏற்கெனவே 1015-இல் வந்து சேர்ந்திருக்கிறது. நான்கையும் நான்கு பாடநூல்களில் நான்கு மாதம் பிரித்துப் படித்தவருக்கு இவை ஒரே தலைமுறைச் செய்திகள் என்பது தோன்றவே தோன்றாது. ஒவ்வொரு நூற்றாண்டுக்கும் ஒரு பக்கத்தைத் தேர்ந்துகொண்டு, கிழக்கிலிருந்து மேற்காக ஐந்து அரசுகளின் பெயரை நூலைப் பார்க்காமல் சொல்லிப் பழகுங்கள்.

கேள்வி: எங்கள் பள்ளி நூலகத்துக்கு ஒன்று வாங்க வேண்டும். கடையில் புரட்டிப் பார்க்கும்போது எதை வைத்து நல்ல அட்லஸ் என்று கண்டுகொள்வது?
- ஆசிரியை, அண்ணா நகர்

பதில்: நான் முதலில் திருப்புவது அசோகர் காலத்துப் பக்கத்தை. அவருடைய இரண்டாம் பாறைக் கல்வெட்டு சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் ஆகியோரைத் தம் எல்லைக்கு வெளியே உள்ளவர்களாகவே குறிப்பிடுகிறது. துணைக்கண்டம் முழுவதையும் குமரிவரை ஒரே வண்ணத்தில் நிரப்பிவிட்ட அட்லஸ், கல்வெட்டைப் பார்க்காதவர் வரைந்தது. அதைக் கீழே வைத்துவிடலாம்.

அடுத்து, மலையும் ஆறும் வரையப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். கொங்கு நாட்டில் வெள்ளலூர் முதலிய இடங்களில் ரோமானியக் காசுகள் ஏன் அவ்வளவு கிடைத்தன என்ற கேள்விக்கு மாணவர்களிடம் அரை மணி நேரம் பேசலாம். அல்லது மேற்குத் தொடர்ச்சி மலையில் நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விழுந்திருக்கும் பாலக்காட்டுக் கணவாயை வரைபடத்தில் காட்டலாம். மேற்குக் கரையில் முசிறி, கணவாயைத் தாண்டியதும் நொய்யல் கரையில் மணிகள் செய்த கொடுமணல், அப்பால் கருவூர், அங்கிருந்து காவிரியோடு பூம்புகார். வழி தானாக ஓடி வந்து சேரும். நாட்டெல்லைகளை மட்டும் கோடு போட்டு மலையை விட்டுவிட்ட அட்லஸில் இது தெரியாது.

பின்னால் பெயர் அகராதி இருக்க வேண்டும். பழைய பெயரைத் தேடினாலும் இன்றைய பெயரைத் தேடினாலும் இடம் கிடைக்க வேண்டும்.

சிறிய அட்லஸால் முடியாததையும் மாணவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். வடக்கு தெற்காக 3,200 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தியா 16 சென்டிமீட்டர் பக்கத்தில் அடங்கும்போது, ஒரு சென்டிமீட்டருக்கு 200 கிலோமீட்டர் ஆகிறது. சென்னைக்கும் காஞ்சிக்கும் இடையே மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று மேல்தான் வரும். பல்லவ மன்னர் மகேந்திரவர்மர் பகைவரை வென்றதாகக் காசக்குடிச் செப்பேடு கூறும் புள்ளலூரிலேயே 1780-இல் ஹைதர் அலியின் படை ஆங்கிலேயப் படையை முறியடித்தது. பொள்ளிலூர்ப் போர் என்று ஆங்கிலேயர் எழுதியது அதைத்தான். பதினொரு நூற்றாண்டு இடைவெளியில் இரண்டு பெரும்போர்களைக் கண்ட அந்தக் காஞ்சிப் பக்கத்துக் கிராமத்துக்கு இந்த அளவில் ஒரு புள்ளிகூடக் கிடைக்காது. அதற்கு வட்ட (தாலுகா) வரைபடம் வேண்டும். வண்ணங்களின் விளிம்பையும் இன்றைய நாட்டெல்லையைப் போல் எண்ணக் கூடாது. அன்றைய அரசு தலைநகரில் அழுத்தமாகவும் விளிம்பில் வெளிறியும் இருந்தது. அச்சு மை அதைச் சீராகப் பூசிவிடுகிறது.

கேள்வி: வாங்க வசதியில்லாதவர்கள் சென்னையில் எங்கே பார்க்கலாம்?
- கல்லூரி மாணவர், வேளச்சேரி

பதில்: எழும்பூர் கன்னிமாரா நூலகத்திலும் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் உசாத்துணைப் பிரிவில் கேளுங்கள். 1978-இல் சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட ஜோசப் ஷ்வார்ட்ஸ்பெர்க்கின் தெற்காசிய வரலாற்று அட்லஸை இணையத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். அது பெரிய அட்லஸ், ஐயம் தீர்த்துக்கொள்ள ஏற்றது. கைக்குள் வைத்துக்கொள்ளச் சிறியது வேண்டுமென்றால் லஸ் முனைப் பழைய புத்தகக் கடையில் விசாரியுங்கள், ஜனவரிப் புத்தகக் காட்சியிலும் தேடுங்கள். பழைய பதிப்பாக இருந்தாலும் தயங்க வேண்டாம்.

கேள்வி: என் மகளுக்குப் பதினொரு வயது. வரைபடம் என்றாலே தேர்வில் ஊர் குறிக்கும் தாள் என்று வெறுக்கிறாள். எங்கிருந்து தொடங்கலாம்?
- வாசகி, ஆலந்தூர்

பதில்: தங்கள் வீட்டருகிலேயே தொடங்கலாம். 1802 ஏப்ரல் 10 அன்று ஆங்கிலேய நில அளவையாளர் வில்லியம் லாம்டன் பரங்கிமலையடியில் சமவெளியில் 100 அடி எஃகுச் சங்கிலியை நீட்டி, தெற்கு நோக்கி ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். ஒரே கோட்டைச் சங்கிலி சங்கிலியாக அளந்து முடிக்க 57 நாள் ஆயிற்று. அந்தக் கோட்டின் இரு முனைகளிலிருந்து கோணம் பார்த்து ஒரு முக்கோணம், அதன் பக்கத்திலிருந்து அடுத்த முக்கோணம் என்று பல்லாண்டுகள் அடுக்கிக்கொண்டே போய், அவருக்குப் பின் வந்தவர்கள் இமயத்தை எட்டினார்கள். இந்தியாவின் துல்லியமான வரைபடத்துக்கு அடிப்படை இந்த அளவையே.

ஒரு மாலையில் மகளைப் பரங்கிமலைக்கு அழைத்துச் செல்லுங்கள். மேலே லாம்டனின் மார்பளவுச் சிலை இருக்கிறது. அதனருகே நின்று தெற்கே பார்க்கச் சொல்லி, கையிலுள்ள அட்லஸில் சென்னையைத் தொடச் சொல்லுங்கள். பிறகு அந்த விரலை எடுக்காமல் அப்படியே மேலே, இமயம்வரை நகர்த்தச் சொல்லுங்கள்.