மெக்சிகோ சிட்டிக் கட்டடம் திடீரென 28 மி.மீ. உயருமா?

கட்டடம் உயரவில்லை. அடுத்தடுத்த இரண்டு ரேடார் செயற்கைக்கோள் படங்களுக்கு நடுவே 28 மி.மீ. மேலே குதித்தது என்கிறீர்களே, அந்த எண்ணே காட்டிக்கொடுக்கிறது. படம் எடுக்கும் சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார் அலைநீளம் சுமார் 5.55 செ.மீ.; அலை போய்த் திரும்புவதால் அதில் பாதிதான் ஒரு முழுச் சுற்று, அதுதான் இந்த 28. ஃபேஸ் அன்ராப்பிங்கில் (அலையின் ஃபேஸ் ஒரு சுற்றுக்குள்தான் அளக்கப்படும்; விட்டுப்போன முழுச் சுற்றுகளை எண்ணிச் சேர்க்கும் கணக்கு இது) ஒரு முழுச் சுற்று தவறியிருக்கிறது.

அந்த ஊரில் இது எளிதில் நடக்கும். சில பகுதிகள் வருடத்துக்கு ஏறக்குறைய 50 செ.மீ. இறங்குகின்றன. ரேடார் பார்க்கும் திசையில் அது 12 நாளுக்கு, அதாவது ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்குள், 13 மி.மீ. அளவில் வரும். பக்கத்துப் புள்ளிகளுக்கிடையே நகர்வு வித்தியாசத்தில் இந்தக் கணக்கு தாங்கும் எல்லையோ அரைச் சுற்று, 14 மி.மீ. நடுவில் ஒரு படம் விடுபட்டால் போச்சு. பைல் அடித்தளக் கட்டடம் (ஆழத்தில் இறக்கிய தூண்கள் மேல் நிற்பது) என்றால் இன்னும் சிக்கல்: சுற்றி மண் இறங்கும், அது நிற்கும். (அந்த ஊர் சுதந்திர தேவதைத் தூணுக்கு இப்படித்தான் கீழே 14 படிகள் கூடுதலாகக் கட்டினார்கள்.)

முதலில் குதித்த தேதியில் படம் விடுபட்டிருக்கிறதா பாருங்கள். அப்புறம் அந்தத் தேதியைச் சேர்த்து மூன்று படங்கள் எடுத்து, 1-2, 2-3 ஜோடிகளின் அன்ராப் செய்த ஃபேஸ் வித்தியாசங்கள் இரண்டையும் கூட்டி 1-3 ஜோடியுடையதைக் கழியுங்கள். மிச்சம் 2π (ஒரு முழுச் சுற்று) அளவில் வந்தால் பிழை உறுதி.

பூஜ்யம் வந்தால் மட்டும் நிம்மதியாகிவிடாதீர்கள். 1-2, 1-3 இரண்டிலும் ஒரே சுற்று தவறியிருந்தாலும் கூட்டல் சரியாகவே வரும்.