மார்லி டயஸ் போல 1000 புத்தகங்கள் திரட்ட என் மகள் ஆசைப்படுகிறாள். எங்கிருந்து தொடங்குவது?

"ஒரு சிறுமி ஹேஷ்டேக் போட்டாள், உலகமே புத்தகம் அனுப்பியது" என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிக்காகவே இந்தப் பதில். ஹேஷ்டேக் புத்தகத்தைக் கொண்டுவந்து சேர்க்கும், அவ்வளவுதான். எந்தப் புத்தகம் பெட்டிக்குள் போகலாம், எது போகக்கூடாது என்று முடிவெடுப்பதுதான் வேலையே.

விவரம் தெரியாதவர்களுக்காக: மார்லி டயஸ் நியூ ஜெர்சியின் வெஸ்ட் ஆரஞ்சில் வளர்ந்தவர். பள்ளியில் படிக்கத் தரும் கதைகள் எல்லாம் வெள்ளைக்காரப் பையன்களையும் அவர்களுடைய நாய்களையும் பற்றியே இருக்கின்றன என்று அம்மாவிடம் குறைப்பட்டார். 2015 நவம்பரில், 10 வயதில், கறுப்பினச் சிறுமி முக்கியப் பாத்திரமாக வரும் 1000 புத்தகங்களை ஹேஷ்டேக் போட்டுத் திரட்டத் தொடங்கினார். கெடு 2016 பிப்ரவரி 1. புத்தகங்கள் போய்ச்சேர வேண்டிய இடங்களில் ஒன்று, அம்மா வளர்ந்த ஜமைக்காவின் செயின்ட் மேரி பகுதியிலுள்ள பள்ளி. என்ன புத்தகம், எத்தனை, எப்போதைக்குள், யாருக்கு என்ற நான்குக்கும் ஒரே மூச்சில் பதில் இருந்தது, கவனித்தீர்களா? "எங்களிடம் பழைய புத்தகங்களைக் கொடுங்கள்" என்று கேட்டிருந்தால் இன்று அந்தப் பெயர் நமக்குத் தெரிந்திருக்காது. பின்னாளில் திரட்டு பத்தாயிரத்தைத் தாண்டியது. 2018இல் அவருடைய சொந்தப் புத்தகமும் வந்தது.

"அம்மா சமூகவியல் பேராசிரியர், சிறுமிகளுக்காக ஒரு அறக்கட்டளையே நடத்துகிறவர், அவர்தான் எல்லாம் செய்திருப்பார்" என்று யாராவது பின்னூட்டம் போடுவார்கள். அம்மாவின் உழைப்பு உண்டுதான், அதை யாரும் மறைக்கவில்லை. 10 வயதுப் பிள்ளை தனியாகக் கிடங்கு பிடிக்க முடியாது. குறையைக் கண்டுபிடித்துச் சொன்னதும், மேடை மேடையாகப் போய் அதை விளக்கியதும் மார்லிதான். உங்கள் வீட்டிலும் வேலையை இப்படியே பிரியுங்கள். எந்தப் புத்தகம் உள்ளே, எது வெளியே என்ற விதியை மகள் எழுதட்டும், பெட்டியை நீங்கள் தூக்குங்கள். (மகள் ஐந்தாம் அல்லது ஆறாம் வகுப்பில் இருக்கிறாள், மார்லி கேட்ட அதே வகைப் புத்தகங்களைத்தான் கேட்கிறாள், நீங்கள் அமெரிக்காவில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.)

விதி முழுதாக ஒரு பக்கம் இருக்க வேண்டும். மிக அதிகமாக வந்து குவியப்போவது விதிக்குள் அடங்காத நல்ல புத்தகங்கள்தான். 1962இல் வந்த 'தி ஸ்னோயி டே' படக்கதையை எத்தனையோ பேர் அன்போடு கொடுப்பார்கள். பனியில் விளையாடும் பீட்டர் கறுப்பினக் குழந்தைதான், ஆனால் பையன். உங்கள் பெட்டிக்கு ஆகாது. வகுப்பறைப் படத்தில் மூன்றாம் வரிசையில் ஒரு கறுப்பினச் சிறுமி உட்கார்ந்திருக்கும் புத்தகமும் ஆகாது. மில்ட்ரெட் டெய்லர் 1976இல் எழுதிய, மிசிசிப்பியில் நடக்கும் 'ரோல் ஆஃப் தண்டர், ஹியர் மை க்ரை' நாவலில் ஒன்பது வயது காஸி லோகன் தன் வாயாலேயே கதை சொல்கிறாள். கோபப்படுகிறாள், திட்டம் போடுகிறாள், தவறும் செய்கிறாள். இது உள்ளே. சோதனை எளிது: கதையில் முடிவெடுப்பது யார்? அந்தச் சிறுமிக்குப் பெயர், வீடு, விருப்பம் என்று ஏதாவது இருக்கிறதா? அடுத்து படங்களைப் பாருங்கள். எல்லாக் கறுப்பு முகங்களும் ஒரே அச்சில் வார்த்ததுபோல இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். எழுதியவரும் கறுப்பினத்தவராக இருக்க வேண்டுமா என்பதையும் முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் குழந்தை நூல் மையம், யாரைப் பற்றியது, யார் எழுதியது என்ற இவ்விரண்டையும் தனித்தனியாகத்தான் எண்ணுகிறது. 2013இல் அங்கே வந்த ஏறத்தாழ 3,200 புத்தகங்களில் கறுப்பினத்தவரைப் பற்றியவை 93, கறுப்பினத்தவர் எழுதியவையோ வரைந்தவையோ 68. மார்லி சொன்னது வெறும் வீட்டுக் குறையல்ல என்பது இந்த எண்களிலேயே தெரிகிறது.

இங்கே எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. இதைப் பற்றிய கட்டுரைகள் எல்லாம் 2015இல் தொடங்கி 2015லேயே முடிந்துவிடுகின்றன. நியூயார்க்கில் கறுப்பினத்தவர் நிறைந்த ஹார்லெம் பகுதியில் 135ஆம் தெரு நூலகக் கிளையில் 1937இல் குழந்தைகள் பிரிவு நூலகராகச் சேர்ந்த அகஸ்டா பேக்கர், கறுப்பினக் குழந்தைகளைக் கோமாளியாகவும் வேலைக்காரராகவும் காட்டாத புத்தகங்களை ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்து, 1939இல் தனித் தொகுப்பாகவே ஆக்கினார். சிகாகோவில் நூலகர் சார்லமே ரோலின்ஸ் 1941இல் இதற்கென ஒரு வழிகாட்டி நூலையே வெளியிட்டார். பேச்சுமொழியைக் கேலிக்குப் பயன்படுத்தியிருக்கிறதா, படம் கேலிச்சித்திரமா என்று பார்க்கச் சொன்னவர் அவர். நான் மேலே சொன்ன சோதனை அந்தப் பெண்கள் போட்ட பாதையில் வருவதுதான். மார்லியைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். அவர் நின்ற படிக்கட்டைக் கட்டியவர்கள் யார் என்றுதான் சொல்கிறேன்.

புத்தகம் வரத் தொடங்கியதும் சிக்கல்கள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். முதல் சிக்கல் ஒரே தலைப்பு திரும்பத் திரும்ப வருவது. ரோசா பார்க்ஸ், ஹாரியட் டப்மன் என்ற கறுப்பினப் போராளிகளின் வாழ்க்கை வரலாறுகள் மட்டுமே பெட்டி பெட்டியாக வரும். ஒரு தலைப்புக்கு ஐந்து பிரதி போதும் என்று வரம்பு வையுங்கள். விருப்பப் பட்டியல் போடும்போது அரைவாசிக்கு மேல் சாதாரணக் கதைகளைக் கேளுங்கள்: துப்பறிதல், பள்ளிச் சண்டை, விண்வெளி, நாய் வளர்ப்பு. கறுப்பினச் சிறுமி நாயகி என்றாலே அடிமைத்தனமும் போராட்டமும்தான் என்று ஆகிவிடக் கூடாது. இரண்டாவது, வயது. படக்கதைகள் மலைபோல் சேரும், 9 முதல் 12 வயதுக்கானவை கையளவுதான் இருக்கும். கொரெட்டா ஸ்காட் கிங் விருதுப் பட்டியலை எடுத்துக்கொண்டு அந்த வயதுக்கானவற்றைப் பெயர் சொல்லியே கேளுங்கள். கறுப்பின எழுத்தாளர், ஓவியர்களுக்கு 1970 முதல் கொடுக்கப்படும் விருது அது. மூன்றாவது, பரண் காலி செய்கிறவர்கள். பூஞ்சை பிடித்தது, தாள் கிழிந்தது, பழைய பாடப்புத்தகம் எல்லாம் வரும். பூஞ்சை வாசனை வந்த புத்தகத்தை அன்றைக்கே வெளியேற்றுங்கள். மூடிய பெட்டியில் ஒன்று இருந்தால் மற்றவற்றுக்கும் பரவும்.

வந்த அன்றே எக்செலில் ஏற்றிவிட வேண்டும்: ஐஎஸ்பிஎன் (பின்னட்டையில் இருக்கும் நூல் அடையாள எண்), தலைப்பு, ஆசிரியர், வயது, பிரதி எண்ணிக்கை, பெட்டி எண். 300 புத்தகம் சேர்ந்த பிறகு உட்காரலாம் என்று விட்டால் நடக்காது.

எடையைப் பலரும் யோசிப்பதில்லை. கெட்டி அட்டைப் படக்கதை ஒன்று தோராயமாக 400 கிராம், மெல்லிய அட்டைக் கதைப் புத்தகம் 200 கிராம். பாதிக்குப் பாதி என்றால் 1000 புத்தகம் 300 கிலோ. ஓரடி நீள அகல உயரமுள்ள அட்டைப்பெட்டியில் 15 கிலோ வைத்தால் 20 பெட்டி. பெரிய பெட்டி வாங்காதீர்கள், அடி பிய்ந்துவிடும். அடிப்பக்கத்தில் டேப் இரண்டு முறை ஓட்டி, புத்தகங்களைப் படுக்கவைத்து, இடைவெளியில் கசக்கிய காகிதம் திணியுங்கள். அமெரிக்காவுக்குள் அனுப்ப, புத்தகம் போன்றவற்றுக்கான அஞ்சல் துறையின் சலுகைக் கட்டணமான மீடியா மெயில் மலிவு. எடைக்குத்தான் காசு, தூரத்துக்கு இல்லை. ஒரு பெட்டி 70 பவுண்டுக்குள் (சுமார் 32 கிலோ) இருக்க வேண்டும். ஆனால் அவர்கள் பிரித்துப் பார்க்கலாம். உள்ளே வெற்று நோட்டோ பொம்மையோ இருந்தால் சலுகைக் கட்டணம் போய்விடும். வெளிநாட்டுக்கு இந்த வசதி கிடையாது. கடல்வழியாக அனுப்பினால் பெட்டிக்குள் பாலித்தீன் விரித்துச் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். பெறுகிற பள்ளியிடமிருந்து முன்கூட்டியே கடிதம் வாங்குங்கள். சுங்கத்தில் கேட்பார்கள். புத்தகத்தோடு சேர்த்து அஞ்சல் செலவுக்கும் நன்கொடை கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

போய்ச் சேர்ந்ததும் நூலகர் இவற்றைத் தனி அலமாரியில் அடுக்கி, மேலே ஒரு பலகை மாட்ட நினைப்பார். நல்லெண்ணம்தான், ஆனாலும் வேண்டாமென்று கேட்டுக்கொள்ளுங்கள். வாஷிங்டன் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் 1930 முதல் நூலகப் பொறுப்பில் இருந்த டோரதி போர்ட்டர் கண்டது இது: நூலகங்கள் பொருள்வாரியாக எண் கொடுத்து அடுக்கும் டூயி எண்முறையில் கறுப்பினத்தவர் எழுதிய கவிதைகூடப் பல நூலகங்களில் 325க்கோ 326க்கோ போய்விடும். முதலாவது குடியேற்றம், இரண்டாவது அடிமைமுறை. போர்ட்டர் அந்த இரண்டு எண்களையும் ஒதுக்கிவிட்டு, கவிதையைக் கவிதையோடும் வரலாற்றை வரலாற்றோடும் வைத்தார். உங்கள் பெட்டியிலுள்ள துப்பறியும் கதையும் துப்பறியும் கதைகளோடுதான் நிற்க வேண்டும். தேடிவரும் பிள்ளைக்காகப் புத்தகத்தின் முதுகில் ஒரு சின்ன வண்ண ஸ்டிக்கர், மேசையில் அச்சடித்த பட்டியல், இரண்டும் போதும்.

எக்செலில் கடைசியாக ஒரு நிரலைக் காலியாக விட்டு அனுப்புங்கள். ஒரு பள்ளிப் பருவம் முடிந்ததும் எந்தப் புத்தகம் எத்தனை முறை வெளியே போனது என்று நூலகர் அதில் நிரப்பித் தரட்டும். இரண்டாவது முறை என்ன கேட்பது என்று உங்கள் மகளுக்கு அதிலிருந்து தெரியும்.